கொல்கத்தாவின் நிலத்தடி இருப்புப்பாதை: வண்டல் மண்ணில் சுரங்கம் அமைத்தல்

இந்தியாவில் நிலத்தடி இருப்புப்பாதையில் பயணிகளை ஏற்றிச் சென்ற முதல் ரயில், 1984ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் கொல்கத்தா நகரில் ஓடிற்று. எஸ்பிளனேடு என்னும் இடத்திற்கும் பவானிப்பூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தூரமே அன்று முடிவுற்றிருந்தது. இப்பாதைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது 1972 டிசம்பர் 29ஆம் நாள். டம் டம் முதல் டாலிகஞ்ச் வரையில் பதினாறு கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட முழுப் பாதையிலும் இடையறவின்றி வண்டி ஓடத் தொடங்கியது 1995 செப்டம்பர் 27ஆம் நாள். பதினாறு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ இருபத்துமூன்று ஆண்டுகள் ஆயின.

இத்தாமதத்திற்குப் பணமுடை, நிலம் கையகப்படுத்துவதில் ஏற்பட்ட தடைகள், வழக்குகள் எனப் பல காரணங்கள் கூறப்படுவதுண்டு. அவை எந்தப் பெருந்திட்டத்திற்கும் பொதுவானவை. கொல்கத்தாவிற்கே உரிய காரணம் ஒன்று உளது. அது அந்நகரின் மண்ணாகும். அம்மண்ணின் இயல்பை அறிந்தாலன்றி, பின்னாளில் ஹூக்ளி ஆற்றின் கீழே சுரங்கம் எளிதாக அமைந்ததும், ஆறே இல்லாத ஒரு சந்தில் அதே வகைச் சுரங்கத்தால் வீடுகள் இடிந்து வீழ்ந்ததும் விளங்கமாட்டா.

மண்ணும் நீரும்

கங்கையாறு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கொண்டுவந்து படியவைத்த வண்டலின் மீது கொல்கத்தா அமைந்துள்ளது. அங்கே தோண்டினால் பாறை தென்படுவதில்லை. மிருதுவான களிமண், நுண்மணல் கலந்த களி, இடையிடையே நீர் நிரம்பிய மணற்படிவுகள் ஆகியவையே அடுக்கடுக்காகக் காணப்படும். நிலத்தடி நீர்மட்டமோ தரையிலிருந்து சில அடி ஆழத்திலேயே உள்ளது. ஆகவே அந்நகரில் சுரங்கம் அமைப்பது, நீரில் ஊறிய பொருளொன்றினுள் ஒரு வெற்றிடத்தை உண்டாக்கி, அதனை வெற்றிடமாகவே காத்துவருவதற்கு ஒப்பாகும்.

இத்தகைய மண்ணில் இருவகைத் தொல்லைகள் நேரும். களிமண்ணில் உள்ள நுண்துளைகளில் நீர் நிறைந்திருக்கிறது; மேலேயுள்ள பாரத்தின் ஒரு பகுதியை அந்நீரே தாங்குகிறது. பக்கத்தில் பள்ளம் தோண்டி நீரை இறைத்துவிட்டால், களி பிழியப்பட்ட துணிபோல மெல்லச் சுருங்கும். அதன்மேல் நிற்கும் கட்டடம் சிறிது சிறிதாகத் தாழும். இது மெதுவாக நிகழ்வதாதலின் அளந்தறிந்து தடுக்க இயலும். மற்றது விரைவில் நிகழ்வது. நுண்மணலில் நீர் வேகமாகப் பாயத் தொடங்கினால் மணற்றுகள்கள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் பிடிப்பு அற்றுப்போகும். மணல் நீரோடு நீராக ஓடும். வெளியேறிய மணலின் கன அளவுக்கு மேலே பள்ளம் விழுந்தே தீரும். ஆற்றங்கரை ஊர்களில் கிணறு தோண்டுவோர், ஊற்று மணல் கண்டவிடத்து உறை இறக்காமல் மேலே தோண்டத் துணியமாட்டார்கள். அதற்குக் காரணம் இதுவேயாகும்.

திறந்து தோண்டி மூடும் முறை

முதற் பாதையின் பெரும்பகுதி, தெருவைத் திறந்து தோண்டி, காங்கிரீட்டுப் பெட்டி போன்ற பாதையை அமைத்து, மேலே மூடும் முறையில் கட்டப்பெற்றது. கேட்பதற்கு இது எளிய முறையாகத் தோன்றும். கொல்கத்தாவின் முக்கிய வீதிகளான சௌரங்கி, சித்தரஞ்சன் அவென்யூ ஆகியவற்றின் வழியாகப் பேருந்துகளையும் டிராம் வண்டிகளையும் மாற்றுவழியில் திருப்பி, தரைக்கடியிலிருந்த சாக்கடைகளையும் குடிநீர்க் குழாய்களையும் மின்கம்பிகளையும் இடம்பெயர்த்து, பல ஆண்டுகள் தெருக்களைத் திறந்தே வைத்திருக்க நேர்ந்தது. அக்காலத்தில் அத்தெருக்களில் கடை வைத்திருந்தோர் பட்ட இழப்பு எந்தத் திட்ட அறிக்கையின் செலவுக் கணக்கிலும் முழுமையாக இடம்பெறுவதில்லை.

பள்ளத்தின் பக்கங்கள் சரியாதிருக்கப் பல இடங்களில் டயஃபிரம் சுவர் என்னும் அமைப்புக் கையாளப்பட்டது. மண்ணைத் தோண்டுமுன்னரே பாதையின் இருபுறமும் குறுகலான ஆழ்ந்த அகழி வெட்டப்படும். வெட்ட வெட்ட அகழியில் பென்டனைட் என்னும் களிப்பொருளின் குழம்பு நிரப்பப்படும். இராஜஸ்தானத்திலும் கச்சுப் பகுதியிலும் கிடைக்கும் இக்களி, நீரிற் கலந்ததும் பெருத்துக் கூழ்போலாகும் இயல்புடையது. நீரைவிடச் சற்றுக் கனமான அக்குழம்பு அகழியின் சுவர்களை அழுத்தி நிற்பதால் மண் உட்சரிவதில்லை. பின்னர் இரும்புக் கம்பிக் கூட்டை அதனுள் இறக்கி, அகழியின் அடிவரை செல்லும் குழாய் வழியாகக் காங்கிரீட்டைச் செலுத்துவர். காங்கிரீட்டு அடியிலிருந்து உயர உயர, பென்டனைட் குழம்பு மேலே வழிந்து வெளியேறும். இவ்வாறு மண்ணுக்குள்ளேயே சுவர் அமைந்துவிடும். அதன்பின் இருசுவர்களுக்கும் இடைப்பட்ட மண்ணை அகற்றலாம். மண்ணை அகற்றும் ஒவ்வொரு கணத்திலும் அவ்விடத்தில் அதே அளவு அழுத்தமுடைய வேறொரு பொருள் இருக்கவேண்டும் என்பதே இம்முறையின் உட்கருத்தாகும். இக்கருத்து இக்கட்டுரையில் மீண்டும் மீண்டும் வரும்.

பெல்காச்சியாவுக்கும் சியாம்பஜாருக்கும் இடையே தெருவைத் திறந்து தோண்ட இயலவில்லை. குறுக்கே ரயில்வே யார்டும் பழைய கால்வாயும் கிடந்தன. எனவே அங்கு மட்டும் கேடய முறை கையாளப்பட்டது. உருளை வடிவான இரும்புக் கேடயத்தின் காப்பில் நின்று மண்ணை அகழ்ந்து, பின்னால் வளையங்களைப் பொருத்திக்கொண்டே முன்னேறுவது இம்முறை. லண்டனில் தேம்ஸ் ஆற்றின் கீழே 1825ஆம் ஆண்டு தொடங்கி 1843இல் திறக்கப்பெற்ற சுரங்கத்திற்காக மார்க் புரூனெல் இதனை முதலில் கையாண்டார். அப்பணியில் ஆற்றுநீர் பலமுறை உட்புகுந்தது. கொல்கத்தாவில் நீரைத் தடுக்கச் சுரங்கத்தினுள் அழுத்தக் காற்றுச் செலுத்தப்பட்டது. காற்றழுத்தம் வெளியிலுள்ள நீரழுத்தத்திற்கு ஈடாக நிற்கும் வரையில் நீர் உள்ளே வாராது. ஆனால் அழுத்தக் காற்றில் வேலை செய்யும் தொழிலாளர் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிடலாகாது. அவர்தம் இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியிட்டு உயிருக்கே கேடு விளைக்கும். இடையறையொன்றில் தங்கி, அழுத்தத்தைப் படிப்படியாகக் குறைத்தே வெளிவர வேண்டும்.

ஹூக்ளி ஆற்றின் கீழே

கிழக்கு-மேற்குப் பாதை எனப்படும் இரண்டாவது பாதை, சால்ட் லேக் பகுதியையும் ஹவுராவையும் இணைப்பது. இதன் கட்டுமானம் 2009ஆம் ஆண்டில் தொடங்கிற்று. இந்தியாவில் ஆற்றுக்கு அடியிற் செல்லும் முதல் மெட்ரோ சுரங்கம் இப்பாதையில்தான் அமைந்தது. ஆற்றின் கீழே அதன் நீளம் ஏறத்தாழ 520 மீட்டர். ரயில் அதனைக் கடக்க 45 வினாடிகள் போதும். சுரங்கத்தின் கூரை ஆற்றுப்படுகைக்குக் கீழே சுமார் 13 மீட்டர் ஆழத்தில் உள்ளது.

இம்முறை கேடயத்தின் இடத்தை எந்திரம் ஏற்றது. மண்ணழுத்தச் சமநிலை எந்திரம் எனப்படும் இது, முன்புறத்தே சுழலும் பெரிய வெட்டுவட்டத்தால் மண்ணைச் சீவும். சீவிய மண் உடனே வெளியேற்றப்படுவதில்லை. வெட்டுவட்டத்தின் பின்னுள்ள அறையில் அது நிரம்பி, முன்னேயுள்ள மண்ணையும் நீரையும் எதிர்த்து அழுத்தி நிற்கும். அறையிலிருந்து மண் வெளியேறும் ஒரே வழி, நீண்ட குழலினுள் சுழலும் திருகு ஒன்றாகும். திருகு விரைந்து சுழன்றால் அறையின் அழுத்தம் குறையும். மெதுவாகச் சுழன்றால் அழுத்தம் கூடும். அழுத்தம் மிகக் குறைந்தால் மேல்நிலம் தாழும். மிகக் கூடினால் மேல்நிலம் புடைக்கும். எந்திரத்தை இயக்குவோரின் திறமை முழுதும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலையைக் காப்பதிலேயே அடங்கியுள்ளது. எந்திரத்தின் வாற்புறத்தில், வளைந்த காங்கிரீட்டு வில்லைகளைப் பொருத்தி வளையமாக்குவர். வில்லைகளின் விளிம்புகளிலுள்ள ரப்பர்ப் பட்டைகள் நீரைத் தடுக்கும். வளையத்துக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட சந்து சிமெண்டுக் குழம்பால் அடைக்கப்படும். உறைகிணற்றைக் கிடையாகப் படுக்கவைத்தாற்போன்றது இச்சுரங்கம் எனக் கூறினால் கிராமத்து மாணவர்க்கு உடனே விளங்கும்.

இங்கே ஆசிரியர்கள் வகுப்பில் செய்து காட்டத்தக்க கணக்குகள் இரண்டு உள. முதலாவது, நீரின் அழுத்தம். நீர்மட்டத்திற்குக் கீழே முப்பது மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் முப்பது டன் நீரழுத்தம் உண்டு. சுரங்கத்தின் வெளிவிட்டம் சுமார் 6.1 மீட்டர் எனக் கொண்டால் அதன் வட்டப் பரப்பு 29 சதுர மீட்டர். எனவே அவ்வாழத்தில் எந்திரத்தின் முகத்தை நீர் மட்டுமே 870 டன் விசையுடன் தள்ளுகிறது.

இரண்டாவது கணக்கு மாணவரை வியப்பில் ஆழ்த்தும். சுரங்கத்தின் ஒரு மீட்டர் நீளத்தை எடுத்துக்கொள்க. அது இடங்கொள்ளும் கன அளவு 29 கன மீட்டர். ஆகவே அது விலக்கும் நீரின் எடை 29 டன். உள்விட்டம் சுமார் 5.55 மீட்டராதலின், வளையத்திலுள்ள காங்கிரீட்டு ஏறத்தாழ 5 கன மீட்டர். அதன் எடை பன்னிரண்டரை டன்னுக்கு மேற்படாது. ஆர்க்கிமிடீஸ் கண்ட விதிப்படி, விலக்கப்பட்ட நீரைவிட இலேசான அப்பொருள் மிதக்க வேண்டும். ஆம், வெறும் சுரங்கத்தை நீரில் விட்டால் மிதக்கும். மீட்டர் ஒன்றுக்குப் பதினாறு டன்னுக்கு மேற்பட்ட விசை அதனை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டேயிருக்கிறது. அதனை அமிழ்த்தி வைத்திருப்பது ஆற்றுப்படுகையின் மண்ணேயாகும். 13 மீட்டர் தடிப்பும் 6 மீட்டர் அகலமும் உள்ள மண், நீரில் மூழ்கியதால் எடை குறைந்த நிலையிலும், மீட்டர் ஒன்றுக்கு அறுபது டன்னுக்குக் குறையாத பாரத்தைச் சுரங்கத்தின்மேல் ஏற்றுகிறது. சுரங்கத்தை ஆழமாக அமைத்ததற்குரிய காரணங்களுள் இதுவும் ஒன்று.

2017ஆம் ஆண்டில் பிரேரணா, ரச்னா எனப் பெயரிடப்பட்ட இரு எந்திரங்களும் ஆற்றைத் தீங்கின்றிக் கடந்தன. எல்லோரும் அஞ்சிய இடத்தில் ஒன்றும் நேரவில்லை.

பௌபஜாரில் நேர்ந்தது

எஸ்பிளனேடுக்கும் சியால்டாவுக்கும் இடையே உள்ள பௌபஜார், நெருக்கமான பழைய செங்கல் வீடுகளையும் பொற்கொல்லர் பட்டறைகளையும் கொண்ட பகுதி. முதலில் வகுத்த வழி சென்ட்ரல் நிலையத்தைத் தொட்டுச் செல்வது. பின்னர் வழி எஸ்பிளனேடுக்குத் திருப்பப்பட்டதால் சுரங்கம் பௌபஜாரின் சந்துகளுக்குக் கீழே செல்லவேண்டியதாயிற்று. அங்கே இரு எந்திரங்கள் வேலை செய்தன. ஒன்றின் பெயர் சண்டி, மற்றொன்றின் பெயர் ஊர்வி.

2019 ஆகஸ்டு 31ஆம் நாள் சண்டி எந்திரம் நீர் நிரம்பிய மணற்படிவு ஒன்றை எட்டியது. நீரும் மண்ணும் சுரங்கத்தினுள் பாயத் தொடங்கின. மேலே துர்கா பிதுரி சந்து, சியாக்ரா பாரா சந்து முதலிய இடங்களில் சுவர்கள் வெடித்தன. அடுத்த சில நாட்களில் பல வீடுகள் இடிந்தன. நூற்றுக்கணக்கான மக்கள் உடுத்த உடையோடு வெளியேற்றப்பட்டு ஓட்டல்களில் தங்கவைக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டினுள் ஒருமுறை சென்று பத்திரங்களையும் நகைகளையும் எடுத்துவர அனுமதி கேட்டுக் காத்துநிற்கும் நிலை அவர்களுக்கு உண்டாயிற்று.

ஆற்றின் கீழே நேராதது இங்கே ஏன் நேர்ந்தது? தலைக்குமேல் எவ்வளவு நீர் உள்ளது என்பதைக்கொண்டு அபாயத்தை அளப்பது பொதுமக்களின் இயல்பு. பொறியியலார் கேட்கும் வினா வேறு: நீர் உட்புக வழி உண்டா, அந்நீர் மண்ணையும் உடன் கொண்டுவருமா என்பதே அது. ஆற்றின் அடியில் அழுத்தம் மிகுதி. ஆயினும் அது சமன் செய்யப்பட்டு நின்றது. பௌபஜாரில் அச்சமநிலை ஓரிடத்தில் குலைந்தது. நுண்மணலாதலின் நீருடன் மண்ணும் பெயர்ந்தது. மேலே நின்றவையோ ஆழ்ந்த அடித்தளமில்லாத பழைய கட்டடங்கள். ஒரு கட்டடத்தின் எல்லாப் பகுதியும் சமமாகத் தாழ்ந்தால் அது பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். ஒரு மூலை மட்டும் தாழும்போதுதான் செங்கற்சுவர் பிளக்கும். மண் பெயர்ந்த பள்ளம் வீடுகளின் கீழே ஒரே சீராக அமையவில்லை.

நீரை நிறுத்த மேலிருந்தும் உள்ளிருந்தும் சிமெண்டுக் குழம்பு செலுத்தப்பட்டது. அத்துடன் செய்யப்பட்ட மற்றொரு செயல் முதலிற் கேட்போருக்கு விந்தையாகத் தோன்றும்: சுரங்கத்தில் தடுப்புச் சுவர் எழுப்பி, எந்திரம் நின்ற பகுதியில் நீரையே நிரப்பினர். உள்ளேயுள்ள நீரின் அழுத்தம் வெளியேயுள்ள அழுத்தத்திற்கு ஈடானால் பாய்ச்சல் நிற்கும். பாய்ச்சல் நின்றால் மணலும் நகராது. பென்டனைட் குழம்பும், அழுத்தக் காற்றும், எந்திரத்தின் மண்ணறையும் செய்யும் வேலையை இங்கே நீர் செய்தது.

சண்டி எந்திரம் மீண்டும் இயங்கவில்லை. பின்னர் அது துண்டுகளாக்கி வெளியே எடுக்கப்பட்டது. ஊர்வி எந்திரம் தன் சுரங்கத்தை 2020 அக்டோபரில் சியால்டாவரை முடித்துவிட்டு, அங்கே திருப்பி நிறுத்தப்பட்டு, சண்டி விட்டுச்சென்ற குறையையும் எதிர்த்திசையிலிருந்து தோண்டி 2021 மே மாதத்தில் நிறைவேற்றிற்று. எனினும் தொல்லை தீரவில்லை. 2022 மே மாதத்தில் துர்கா பிதுரி சந்தில் மீண்டும் நீர்க்கசிவால் வீடுகளில் விரிசல் கண்டது. அதே ஆண்டு அக்டோபரில் இரு சுரங்கங்களையும் இணைக்கும் குறுக்குவழி அமைக்கும் பணியின்போது மதன் தத்தா சந்தின் வீடுகள் வெடித்தன. அங்கிருந்தோரும் விடியுமுன் வெளியேற நேர்ந்தது. இவ்விரு நிகழ்ச்சிகளிலும் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. எந்திரம் தோண்டும்போது அதன் உடலே காப்பாக நிற்கிறது. குறுக்குவழிக்காகவோ இணைப்புக்காகவோ முடிந்த சுரங்கத்தின் பக்கத்தைத் திறக்கும்போது அக்காப்பு இல்லை. மண்ணை முன்கூட்டியே உறுதிப்படுத்தியிருந்தாலன்றி அவ்விடமே பலவீனமான இடமாகும். தொலைவு சில மீட்டரே எனினும் இப்பணி ஆற்றைக் கடப்பதைவிடக் கடினமானது.

ஆற்றின் கீழே செல்லும் ஹவுரா மைதானம்-எஸ்பிளனேடு பகுதி 2024 மார்ச்சு மாதத்தில் திறக்கப்பெற்றது. பௌபஜார் வழியே செல்லும் எஸ்பிளனேடு-சியால்டா பகுதி 2025 ஆகஸ்டு 22ஆம் நாள் திறக்கப்பெற்று, பாதை முழுமையடைந்தது. அதன் நீளம் இரண்டரைக் கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. விபத்து நேர்ந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன.

வகுப்பில் செய்யத்தக்க சோதனை

ஒரு பிளாஸ்டிக் வாளியின் அடியிலிருந்து இரண்டு அங்குல உயரத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவு துளையிட்டு, தக்கையால் அடைக்கவும். வாளியில் பாதிக்குமேல் சலித்த நுண்மணலை நிரப்பி, மணலுக்கு மேல் ஓர் அங்குலம் நிற்கும்படி நீர் வார்க்கவும். பருமணல் பயன்படாது; அது துளையருகே தானே வளைவுபோல் நின்றுவிடும். சில நாணயங்களை உள்ளிட்ட சிறு தகர டப்பா ஒன்றைத் துளைக்கு நேர்மேலே, சுவரையொட்டி, மணலின்மீது வைக்கவும். இதுவே வீடு. தக்கையைப் பிடுங்கினால் மணலும் நீரும் கலந்து வெளியேறும்; டப்பாவின் ஒரு பக்கம் தாழ்ந்து, பின் சாயும்.

மணலை மீண்டும் நிரப்பி, இம்முறை துளையின் உட்புறத்தே நெருக்கமான நெசவுள்ள வேட்டித் துணியை நான்காக மடித்து வைத்துச் சோதனையைத் திரும்பச் செய்யவும். நீர் வடியும், மணல் தங்கும், டப்பா அனேகமாக அசையாது. நீர் வெளியேறுவதும் மண் வெளியேறுவதும் வெவ்வேறு என்பதை மாணவர் கண்ணாற் காண்பர்.

மூன்றாம் முறை துணியை நீக்கிவிட்டு, வாளியைப் பெரிய அண்டா ஒன்றினுள் வைத்து, வாளியிலுள்ள நீர்மட்டத்திற்குச் சமமாக அண்டாவிலும் நீர் ஊற்றியபின் தக்கையை எடுக்கவும். துளை திறந்தேயிருந்தும் நீர் பாயாது. துளையருகே சிறிதளவு மணல் சரிவதோடு நின்றுவிடும். பிறகு அண்டாவின் நீரைக் குவளையால் மெல்ல மெல்ல முகந்து வெளியே ஊற்றி, எவ்வளவு மட்டவேறுபாட்டில் மணல் ஓடத் தொடங்குகிறது என்பதை அளவுகோலால் அளந்து மாணவர் குறித்துக்கொள்ளலாம். மணலின் நுண்மைக்கேற்ப இவ்வளவு மாறுமாதலால், ஊரில் கிடைக்கும் இரண்டு மூன்று வகை மணலைக்கொண்டு இதனைச் செய்து பார்ப்பது நலம்.